படகுக்குள் அம்மா போட்ட கோலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேசுவதற்கு என்ன இருக்கிறது? முட்டிவலி, சர்க்கரை, மருமகள். நானும் பேசுகிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன மாதத்திலிருந்து எனக்கு வேறொரு வலி பிடித்திருக்கிறது. அதற்கு மாத்திரை கிடையாது. சின்னவர்களிடம் சொன்னால், "விடும்மா, அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று போனை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி போகிற வழியில் இருக்கும் ஒரு ஏரிக்கு அழைத்துப் போனார். கரையோரம் கூட்டம். என்னவென்று பார்த்தால் ஒரு பழைய மரப்படகு. பழசு என்றால் வெள்ளைக்காரன் காலத்துப் பழசு, ஆனால் நேற்று செய்தது போலப் பளபளத்தது. முன்பக்கம் கூர்மூக்கு. நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. பித்தளைக் கைப்பிடியில் முகம் பார்க்கலாம். ஆளுக்காள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பலகையைத் தடவினேன். வார்னிஷ் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் வயது ஒன்பதாகிவிட்டது. "அழகு, அழகு" என்று நான் வாய்விட்டுச் சொன்னதாக மகள் பிறகு சொன்னாள்.

அந்தப் படகைச் சீர்செய்த தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையாம். எங்கோ கொட்டகையில் கிடந்ததை வாங்கி, ஆசைக்காகச் செப்பனிட்டிருக்கிறார். மாப்பிள்ளை கேட்டார், "மரம்தானே, இடுக்கு வழியா தண்ணி உள்ள வராதா பிரதர்?"

"வராமயா?" அந்தத் தம்பி சிரித்தார். "எறக்கின அன்னிக்கு பாதி முழுகிடுச்சு. அப்படியே வுட்டுட்டோம். வருஷக்கணக்கா காஞ்ச மரம் இல்லையா, பலகை சுருங்கி இடுக்கு வுட்டிருக்கும். தண்ணியில ஊறினா உப்பி, தானா அடைச்சிக்கும். அப்புறம் தண்ணிய எறைச்சிட்டு ஓட்ட வேண்டியதுதான். எல்லா மரப் போட்டும் அப்படித்தான் சார்."

"எத்தன நாளு ஊறணும் தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாள் ஆண்ட்டி. அவ்ளோதான்."

நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து மகள் வாயில் மிட்டாயைத் திணித்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு படகு இருந்தது. இதே ஜாதி, இதே மூக்கு. அதில் தண்ணீர் ஏறியதற்கு என் அம்மாதான் காரணம் என்று ஊர் சொன்னது. அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பழி அவள் மேல் இருந்தது. ஊர் நம்பியதைவிட அவளே அதை அதிகமாக நம்பினாள். இரண்டு மூன்று நாளாம். அவ்வளவுதானாம்.

எங்கள் ஊர் ஒலக்கூரிலிருந்து உள்ளே போக வேண்டும். ஊருக்கும் பஸ் போகிற ரோட்டுக்கும் நடுவில் பெரிய ஏரி. கார்த்திகையில் ஏரி நிரம்பினால் கரையைச் சுற்றிப் போகிற வண்டிப்பாதை அறுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் தை கழிகிற வரைக்கும் நாங்கள் தீவு. மல்லாட்டை மூட்டை, அதான் வேர்க்கடலை மூட்டை, வெளியே போக முடியாது, சுரம் கண்ட பிள்ளையைத் திண்டிவனத்துக்குத் தூக்கிப் போக முடியாது. ஊரே இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பும். புலம்புவதோடு நிறுத்திக்கொள்ளும். என் அப்பா நிறுத்திக்கொள்ளவில்லை.

அப்பா பாண்டிச்சேரிக்கு வைக்கோல் வண்டி ஓட்டுவார். அங்கே வைக்கோல் வாங்குகிற ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுக்காரனிடம் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள், மொத்தமாகப் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர்களிடம் ஒரு படகு இருந்தது. அப்பா பார்த்தார். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டுப் படகை வாங்கிவிட்டார்.

உழவு மாட்டை விற்றுப் படகு வாங்கிய சம்சாரி இந்தச் சீமையில் வேறு எவனாவது உண்டா, நீங்களே சொல்லுங்கள். அந்தத் தை மாதம் லாரியில் அக்கரை ரோட்டோரம் வந்து இறங்கிய படகு ஏரி வழியாக எங்கள் கரைக்கு வந்தபோது பெரியப்பா, அப்பாவின் அண்ணன், கரையில் நின்று கைகொட்டிச் சிரித்தார். "ஏன்டா, இதுக்கு நொகத்தடி எங்கடா கட்டுவ?" ஊரே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஊருக்கு நல்லது பண்ண நெனச்சாரு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்" என்றாள். இதை நான் என் காதால் கேட்டேன். அந்தப் படகை நம்பிய முதல் ஆள் என் அம்மா. இதை மறந்துவிடாதீர்கள்.

படகு மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அதுவரை பாண்டிச்சேரித் தண்ணீரிலேயே கிடந்த மரம், ஊறியபடியே வந்து இறங்கியது. இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

அந்த மாதம்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம் முழுக்க. அப்பா காலையும் மாலையும் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். சிரித்தவர்களே முதலில் ஏறினார்கள். படகுக்குள் சிவப்பு ரெக்சின் தைத்த இரண்டு இருக்கை, கையகல முகக்கண்ணாடி, கை கழுவ ஒரு பீங்கான் தொட்டி, மூக்கில் ஒரு வெண்கல மணி. மணியை அடிக்கிற வேலை எனக்கு. ஒருநாள் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தலையில் முடிந்திருந்த கொண்டையைக் காற்று அவிழ்த்துவிட்டது. அவள் அதை அள்ளி முடியவே இல்லை. அக்கரை போய்த் திரும்பும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு அவ்வளவு முடி இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தை கழிந்ததும் மதகைத் திறந்து பாய்ச்சிப் பாய்ச்சி ஏரி வற்றியது. பங்குனியில் படகு சேற்றில் தரைதட்டி நின்றது. இனி அடுத்த மழை வரைக்கும் அதை என்ன செய்வது?

இங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மரியாதை. அம்மன் கோயில் தேரை எப்படி வைத்துக் காப்பாற்றுகிறோம்? கொட்டகை போட்டு, கீற்று வேய்ந்து, ஒரு துளி ஈரம் படாமல். படகும் தேர் மாதிரி மரம்தானே? தேர்வடத்தையே கொண்டுவந்து கட்டி ஊரே இழுத்துப் படகைக் கரையேற்றியது. தேர்க் கொட்டகைக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு கொட்டகை. அப்பா விளக்கெண்ணெயைத் துணியில் தோய்த்துப் பலகை பலகையாகத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி.

தேர் ஊர்வது தரையில், படகு மிதப்பது தண்ணீரில் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் கோடையில் வண்டிச்சக்கரம் காய்ந்து இரும்புப்பட்டை கழன்றால் என்ன செய்வார்கள்? சக்கரத்தைக் குட்டையில் உருட்டிவிட்டு ஊறப்போடுவார்கள். மரம் உப்பிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். அப்பா எத்தனை முறை சக்கரத்தை ஊறப்போட்டிருக்கிறார்! ஆனால் சக்கரம் என்பது வண்டி சமாச்சாரம், படகு என்பது சாமி சமாச்சாரம் ஆகிவிட்டது. சாமியை யாராவது ஊறப்போடுவார்களா?

அந்தக் கோடை பொல்லாத கோடை. நான் மத்தியானத்தில் படகுக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். பலகை இடுக்குகள் வழியாக வெயில் கோடுகோடாக உள்ளே விழும். என் பாவாடையில் வரிவரியாக வெளிச்சம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா காத்து வாங்குது பாரு. மரம் நல்லா காயுது" என்றார். அத்தனை சந்தோஷம் அவருக்கு.

வீட்டில் சந்தோஷம் இல்லை. மாடு இல்லாதவன் அடுத்தவன் மாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பெரியப்பா தன் நிலத்தை உழுது, மச்சான் நிலத்தை உழுது, கடைசியில் எங்களுக்கு மாட்டைக் கொடுத்தார். ஈரம் போன பிறகு விதைத்த மல்லாட்டை விரலளவு முளைத்துக் கருகியது. அம்மா அடுத்தவர் நிலத்துக்குக் களையெடுக்கப் போனாள். சொந்த நிலம் இருக்கிறவள் கூலிக்குப் போவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய கேவலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேப்பைக் கூழைக் கரைத்து எங்களுக்கு ஊற்றிவிட்டு, சட்டியைக் கழுவிய தண்ணீரை உப்புப் போட்டுக் குடிப்பாள். "மழ வரட்டும். ஏரி ரொம்பட்டும். போட்டு ஓடுனா எல்லாம் சரியாப் பூடும்" என்பாள். தினமும் சொல்வாள். வானத்தைப் பார்க்காமல் ஒருநாள்கூட அவள் விளக்கேற்றியதில்லை.

மழை வந்தது. நன்றாகவே வந்தது. கார்த்திகையில் ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் மேல் வழிந்தது. அப்பா நாள் குறித்தார். மறுநாள் படகு இறங்க வேண்டும் என்ற அன்று சாயங்காலம், அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் வந்து சொன்னார், "காலையில வெளிய மட்டும் போடாத. உள்ளயும் போயி ஒரு கோலம் போட்டு வை. லச்சுமி வந்து குந்தற எடம்." நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டினாள். அன்றைக்கே பச்சரிசி ஊறப்போட்டு மாவு அரைத்தாள். சோற்றுக்கு இல்லாத அரிசி கோலத்துக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

விடிவதற்குள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, படகுக்குள் ஏறி, அந்த அறையின் தரையில் மாக்கோலம் போட்டாள். நாலு மூலையிலும் தாமரை. அவள் போட்டதிலேயே அழகான கோலம் அதுதான்.

ஊரே கூடியது. பூசாரி கற்பூரம் காட்டினார், பூசணி உடைத்தார்கள், தேர்வடத்தைப் பிடித்து மெல்ல இறக்கினார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும் குலவை. அப்பா இஞ்சினைக் கிளப்பினார். நான் மணியை ஆட்டினேன். பத்து ஆள் நீளம்கூடப் போயிருக்காது, என் காலில் குளிர்ச்சி. கீழே பார்த்தேன். தரைப்பலகை இடுக்குகளிலிருந்து தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. கோலம் கரைந்து தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது.

ஏறியிருந்தவர்கள் கத்தினார்கள். கரையிலிருந்தவர்கள் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீருக்குள் வந்ததும் எல்லாரும் குதித்து ஓடினார்கள். படகு ஒருச்சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்து வெள்ளைத் தண்ணீர் வழிந்ததைப் பெரியம்மாதான் முதலில் பார்த்தாள். பெரியப்பாவின் பெண்டாட்டி, வாய்க்காரி.

"அது என்னாடி வெள்ளையா வர்து? உள்ள கோலம் போட்டது யாரு? கற்பூரம் காட்டறதுக்கு முன்ன உள்ள கால வெச்சது யாருடி?"

பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அம்மாவின் விரல் நகங்களில் மாவு காய்ந்திருந்தது. எல்லாரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

பூசாரி சொன்னார், "சாமி ஏறாத எடத்துல பொம்பள ஏறலாமா? தேர்ல யாராவது அப்பிடி ஏறுவாங்களா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இடுப்பு வரை நனைந்து நின்றார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. வெறி பிடித்தவர் மாதிரி இருந்தார். மாடு போய்விட்டது, வண்டி போய்விட்டது, வெள்ளாமை போய்விட்டது, கடைசியில் இதுவும் போகிறது. முழுகுகிறவன் கைக்கு எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வான் இல்லையா, அவர் கைக்கு அம்மா கிடைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவளாத்தான் ஏறியிருக்கா" என்றார்.

"நீதான்ப்பா சொன்ன! நேத்து அடுப்பாண்ட சொன்னியே!" என்று கத்தினேன். பெரியம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "பெரியவங்க பேசறப்ப இன்னாடி வாயி?" அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "சும்மா இரு கண்ணு" என்றாள். அவள் அழவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகைக் கரையேற்றிவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்கள் உதவிக்குச் சளைத்தவர்கள் இல்லை. அந்த உதவிதான் கொன்றது. அப்படியே முழுகட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால் படகு பிழைத்திருக்கும். அவர்களோ வடத்தோடு ஓடிவந்து காப்பாற்றினார்கள். வெயிலில் காயவைத்து, இடுக்கில் சணலைத் திணித்து, தாரைக் காய்ச்சி ஊற்றி, சேவல் அறுத்து, மறுபடி இறக்கினார்கள். மறுபடி தண்ணீர் ஏறியது. மறுபடி ஓடிவந்து இழுத்தார்கள். மறுபடி காயவைத்தார்கள். ஒரு தடவைகூட அந்த மரத்தை அரைநாள் தண்ணீரில் விடவில்லை.

இரண்டாம் முறை இறக்கியபோது அம்மா வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். தண்ணீர் ஏறியது. "எட்டிப் பாத்திருப்பா" என்றாள் பெரியம்மா. அடுத்த முறைக்கு அம்மாவை மண்டகப்பட்டுக்கு, அவள் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அப்போதும் ஏறியது. "அங்க குந்திக்கினு நெனச்சிருப்பா" என்றாள். சிரிக்காதீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது, வந்தவுடன் வயிறு எரிகிறது.

அந்த நாட்களில் அப்பா தூங்கவில்லை, சாப்பிடவில்லை. ஏரித் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் குறைந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். ஒருநாள் மண்வெட்டியும் கோடரியும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் வெட்டு அறையின் ஜன்னலில் விழுந்தது. கண்ணாடி, ரெக்சின், பீங்கான் தொட்டி எல்லாம் சிதறியது. யாரும் தடுக்கவில்லை. இந்த முறை மட்டும் ஒருவரும் வடத்தோடு ஓடிவரவில்லை. மரம் செங்கல் காளவாய்க்குப் போனது. இஞ்சினைக் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வெண்கல மணி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகுதான் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

வந்தவள் பழைய அம்மா இல்லை. புதிதாக எதிலும் அவள் முதலில் கால் வைக்க மாட்டாள். பஸ் வந்தால் எல்லாரும் ஏறும் வரை ஒதுங்கி நிற்பாள். இரண்டு முறை பஸ் அவளை விட்டுவிட்டே போயிருக்கிறது. என் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வரவில்லை, பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் செய்ய வேண்டியதையெல்லாம் பெரியம்மா செய்தாள். திண்டிவனத்தில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வாசலுக்கு வெளியே நின்றாள். "நான் அப்பறமா வர்றேன், நீங்க போங்க." பிரிட்ஜ் வாங்கினால் ஒரு வாரம் தொட மாட்டாள். என் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று, பேத்தியை ஆசையோடு பார்த்துக்கொண்டே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். "படகு ஓட்டையா இருந்ததுக்கு நீ என்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டால், "தையில நல்லாத்தான ஓடுச்சி? கற்பூரம் காட்டறதுக்கு முன்ன நான் ஏறுனப்பறம்தான கெட்டுது?" என்பாள். இத்தனை வருஷமாக என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

கடைசியில் நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். புது வண்டி. கைத்தாங்கலாக வாசல் வரை நடத்திக்கொண்டு வந்தோம். படிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னாள், "நீ மொதல்ல ஏறும்மா." அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது சொல்லுங்கள், ஏரிக்கரையில் அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு நான் உட்காராமல் என்ன செய்வேன்?

மறுநாளே கிளம்பிப் பெரியம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். அன்றைக்கு ஏரிக்கரையில் நின்று பேசியவர்களில் உயிரோடு இருப்பது அவளும் அப்பாவும்தான். அவள் வாயால் "உங்கம்மா மேல தப்பு இல்ல" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று போனேன். அதை வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதீர்கள். எனக்கு அது வேண்டும்.

பெரியம்மா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேர்க்கொட்டகை, கோலம், வெள்ளைத் தண்ணீர். குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்மூர்ல போட்டு இருந்துச்சா?" என்றாள்.

"ஆமாம் பெரியம்மா. எங்கம்மா கோலம் போட்டாங்களே."

"உங்கம்மா யாரு?"

ஓரகத்தியையே மறந்தவளை என்ன கேட்பது? ஒரு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு எவ்வளவு நிம்மதியாக மறந்துவிட்டாள் என்று ஆத்திரமாக வந்தது. அவள் மருமகள் கொடுத்த காபியைக் குடிக்காமலேயே வந்துவிட்டேன்.

மிச்சம் அப்பா. அப்பா என்னோடுதான் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறது, காதும் கண்ணும் என்னைவிடத் தெளிவு. அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கையாலேயே வெட்டிய படகு பிழைத்திருக்கும் என்று தெரிந்தால் இந்த வயதில் அந்த மனுஷன் தாங்குவாரா? ஆனால் அம்மாவுக்காக ஒரு ஆளாவது அழ வேண்டும். அவர் அழ வேண்டும் என்று நினைத்தேன்.

காலையில் இட்லி ஊட்டிக்கொண்டே சொன்னேன். அந்தப் படகைப் பார்த்தது, தடவியது, அந்தத் தம்பி சொன்னது. "ரெண்டு மூணு நாள் தண்ணியிலயே வுட்டிருந்தா மரம் உப்பி தானா அடைச்சிக்குமாம்ப்பா. நம்ம போட்டுல ஒரு கொறையும் இல்ல. அம்மா மேலயும் ஒரு தப்பும் இல்ல."

அப்பா வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"தெரியும்" என்றார்.

ஊட்டப்போன துண்டைத் தட்டிலேயே வைத்தேன். "எப்ப தெரியும்?"

"இஞ்சின எடுத்துக்கினு போனாரே பாய், அவரு அன்னிக்கே கேட்டாரு. ஊறப் போட்டியாப்பான்னு. அவங்க கடக்கரையில எல்லாருக்கும் தெரியுமாம். அப்பதான் வெட்டி முடிச்சிருந்தேன்."

அம்மா மண்டகப்பட்டிலிருந்து திரும்பி வருவதற்கு முன்னாலேயே. பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றதற்கு முன்னால், என் கல்யாணத்தில் எச்சில் இலை எடுத்ததற்கு முன்னால், தொட்டிலைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டதற்கு முன்னால்.

"அம்மா கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்." என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். "அவளும் ஒண்ணும் கேக்கல."

சட்னி அவர் தாடையில் வழிந்திருந்தது, நான் துடைக்கவில்லை.

தட்டிலிருந்த துண்டைத் தானே எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே, "அந்தத் தம்பி போட்டுல தேக்கா போட்டிருக்கான், இல்ல வேற மரமா?" என்று கேட்டார். குரலில் அப்படி ஓர் ஆசை.

இட்லி தொண்டையில் அடைத்து இருமினார். "தண்ணி குடும்மா" என்றார். சொம்பு என் காலடியில்தான் இருந்தது. மறுபடியும் கேட்டார். என்னால் குனிந்து அதை எடுக்க முடியவில்லை. உள்ளேயிருந்து என் பேத்தி ஓடிவந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.